ஒரு கணினிக்குள் பல கணினிகள் - ஒரு சிறு வரலாறு

வணிகவியல் மாணவனுக்கு சர்வரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள் :-) இது நம் பாடத்தில் வரும் பழைய கேள்விதான். விலை உயர்ந்த இயந்திரத்தை வாங்கிவிட்டு, பாதி நேரம் சும்மா வைத்திருக்கலாமா?

1960களில் கணினி என்பது ஒரு அறையையே அடைக்கும் பொருள். ஆளுக்கொன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் (அமெரிக்கா) ஆய்வு மையத்தில் ராபர்ட் க்ரீஸி தலைமையில் ஒரு சிறு குழு 1964-இல் வேலையைத் தொடங்கியது. 1967-இல் சி.பி.-40 பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினி, உள்ளே 14 பொய்க் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். உட்கார்ந்திருப்பவருக்கு முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்று தோன்றும். இதுதான் மெய்நிகர் கணினி. 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் ஐ.பி.எம். இதை முறையாக வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது.

பிறகு 1980களில் பி.சி. வந்தது. மேஜைக்கு ஒரு கணினி என்றான பிறகு பங்கு போடும் வித்தை யாருக்கு வேண்டும்? ஆனால் 90களின் இறுதியில் பழைய பிரச்சினை புது உருவில் வந்தது. அலுவலகம் முழுக்க கணினிகள், அவற்றில் பெரும்பாலானவை பெரும்பாலான நேரம் சும்மா!

இங்கே ஒரு முட்டுக்கட்டை. உள்ளே இருக்கும் பொய்க் கணினி ஒரு முக்கியமான கட்டளையைப் போட்டால், பிராசஸர் அதை நிறுத்தி மேலாளர் நிரலிடம் கேட்க வேண்டும். இப்படி இருந்தால்தான் மெய்நிகராக்கம் எளிது என்று போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974-லேயே எழுதிவிட்டார்கள். பி.சி.க்களின் எக்ஸ்86 பிராசஸரில் 17 கட்டளைகள் இந்த விதிக்கு அடங்காதவை என்று 2000-இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. 1998-இல் தொடங்கிய வி.எம்.வேர், அப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே மொழிமாற்றி இந்தச் சிக்கலைத் தாண்டியது. 1999-இல் மேஜைக் கணினிக்கும் 2001-இல் சர்வருக்கும் அதன் மென்பொருள்கள் வந்தன. இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் பிராசஸரிலேயே வசதி செய்து கொடுத்தன.

சரி, கணக்கு மென்பொருள், மின்னஞ்சல் எல்லாம் சர்வரில் ஓடின. ஆட்டோகேட், முப்பரிமாண வடிவமைப்பு போன்ற கனமான மென்பொருள்கள்? அவற்றுக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஒரு கார்டை ஒரு மெய்நிகர் கணினிக்கு மட்டும் ஒதுக்கினால், பங்கு போடுவதன் லாபமே போய்விடும். என்விடியாவின் கிரிட் கார்டுகள் இதற்கு வழி செய்தன. 2013-இல் சிட்ரிக்ஸின் ஜென்சர்வரோடு சேர்ந்து ஒரே கிராபிக்ஸ் சிப்பைப் பலர் பகிர முடிந்தது. படம் சர்வரில் உருவாகும், நம் திரைக்கு அதன் பிம்பம் மட்டும் வரும். பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்கூட பெரிய வடிவமைப்பைத் திறக்கலாம். வசதியில்லாத ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் செலவு ஒழிந்துவிட்டதா? இல்லை, இடம் மாறிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் சர்வர் திணறும். ஆகவே சராசரிக்கு அல்ல, உச்சத் தேவைக்குத்தான் வாங்க வேண்டும். கார்டு வாங்கினால் போதாது, பகிர்வதற்குத் தனி உரிமக் கட்டணம் என்று 2015-இல் என்விடியா சொன்னது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியது, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தி, சந்தாதான் என்றது. ஒருமுறை வாங்கினால் நமக்கே என்ற கணக்கு அதோடு முடிந்தது. மூலதனச் செலவு நடப்புச் செலவாகிவிட்டது என்று நம் பாஷையில் சொல்லலாம்.

இதற்கு மாற்றும் உண்டு. 2003-இல் வந்த ஜென், 2007-இல் லினக்ஸோடு சேர்ந்த கே.வி.எம். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும்!

1967-இல் அந்தப் 14 பேருக்கும் இயந்திரம் தனக்கே சொந்தம் என்று தோன்றியது. தோன்றியது மட்டும்தான். இன்றும் அப்படித்தான். பகிர்ந்துகொள்வது நல்லதே. ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் விலைப்பட்டியலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.