ஏடும் நாவும்

ஓமலூர்க் கடைத்தெருவில் ஒரு கூட்டத்தைக் கேட்க நின்றோம். முதலில் பேசியவர் எழுதி வந்த தாள்களை ஒரு வரி விடாமல் படித்தார். கருத்தில் குறையில்லை, ஆயினும் காய்கறிப் பைகளோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தனர். அடுத்தவர் கையில் தாள் இல்லை. நகர்ந்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

நம் முன்னோர் அவைகளில் ஏடே தலைமை பெற்றது. சீறாப்புராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிப்பார். கோயில்களிலும் புராணப் படனம் இவ்வாறே நிகழ்ந்தது. பாட்டின் துணையின்றி உரைநடையிலேயே மக்களை நோக்கிப் பேசும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் கிறித்தவப் பாதிரிமார்கள். அவர்களது பள்ளியில் பயின்ற ஆறுமுக நாவலர் அம்முறையையே கைக்கொண்டு, 1847-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார்.

அரசியல் மேடை தமிழுக்கு வரப் பின்னும் அரை நூற்றாண்டு கடந்தது. 1907-இல் சென்னைக் கடற்கரையில் விபின சந்திர பாலர் முழங்கியது ஆங்கிலத்தில். மறு ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளர் நடுவே தமிழில் பேசினர். அப்பேச்சே அவர்களைச் சிறைக்கு அனுப்பிற்று. இராசிபுரத்திற் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் மதுரைப் பேச்சுக்காக வழக்கைச் சந்தித்தார். அவருக்காக வாதாடியவர் அந்நாளில் சேலத்தில் வழக்கறிஞராயிருந்த இராஜாஜி. தாளின்றிப் பேசியவர்களின் சொல்லைக் காவலர்கள் தாளில் ஏற்றிய விந்தையை என்னென்பது!

1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் நம் சேலத்திலேதான். அக்கழகத்து மேடைகளில் இரு முறைகள் அருகருகே விளங்கின. பெரியார் திண்ணையில் அமர்ந்து பேசுபவர்போல் பேச்சு வழக்கிலேயே மணிக்கணக்கில் வாதிடுவார். அண்ணாவோ எதுகையும் மோனையும் அடுக்கிச் செந்தமிழில் பொழிவார். நமக்கு முன்னதே உவப்பு. அண்ணாவிடம் ஓசையும் பொருளும் உடன் நின்றன. அவரைப் பின்பற்றியோர் பலரிடம் ஓசை மட்டுமே எஞ்சிற்று.

ஹிஜ்ரி 10-இல் அறஃபாத் பெருவெளியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாற்றியபோது, உரத்த குரலுடைய ஒருவர் அதைத் தொடர் தொடராக எடுத்துச் சொன்னார் என வரலாறு கூறுகிறது. கடையிலிருப்பவர் செவியும் கருதப்பட்டதன்றோ? ஆனால் நம் ஊர்களில் ஜும்ஆவின் அரபுக் குத்பா நெடுங்காலம் ஏட்டிலிருந்தே ஓதப்பட்டது. கேட்டவருள் பொருளறிந்தோர் மிகச் சிலர். குத்பா தமிழில் வேண்டுமென 'தாருல் இஸ்லாம்' ஆசிரியர் பா. தாவூத்ஷா வாதிட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. இன்று பல பள்ளிவாசல்களில் குத்பாவுக்கு முன் தமிழ்ப் பயான் நிகழ்கிறது. ஒலிபெருக்கி உள்ள இடங்களில் வீட்டிலிருக்கும் பெண்களும் கேட்கின்றனர். அப்பயானையும் தாளைப் பார்த்தே படிக்கும் ஆலிம்களை நாம் கண்டதுண்டு.