கரையோர நீரோட்டமும் காற்றும்: சோழமண்டலக் கடற்கரை

அலை உடையும் பகுதிக்கும் கரைக்கும் நடுவே நீர் நகர்வதைக் கரையோர நீரோட்டம் என்கிறோம். ஆழ்கடல் ஓட்டங்கள் பருவத்தோடு மாறுபவை. கரையோர ஓட்டமோ அலை வரும் கோணத்தையும் அடியிலுள்ள மணல் திட்டுகளையும் பொறுத்து ஒரே நாளில்கூட மாறிவிடும். கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி போன்ற இடங்களில் அலைச்சறுக்கோ துடுப்புப் பலகையோ பழகுபவர் முதலில் அறியவேண்டியது இதைத்தான்.

அலை கரையைச் சாய்வாகத் தாக்கும்போது நீர் கரைக்கு இணையாக ஓடும். சோழமண்டலக் கரையில் இது ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்லும். ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கியதே மிகுதி. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் இந்த ஓட்டத்தோடு வரும் மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. பலகையோடு நீரில் இருப்பவருக்கு இந்த நகர்வு உடனே தெரிவதில்லை. ஆகவே கரையில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு இறங்குவது வழக்கம். கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளின் அருகே ஓட்டம் கல்லில் மோதிக் கடல் பக்கம் திரும்பும். அங்கே இறங்காமல் இருப்பதே சரி.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இழுப்புதான். அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்த்த நீர், மணல் திட்டுகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தின் வழியே கடலுக்குத் திரும்புகிறது. பள்ளத்தில் அலை அவ்வளவாக உடையாது. அதனால் இருபுறமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் நீர் சமதளமாக, சற்றுக் கருமையாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் அந்த அமைதியை நம்பித்தான் இறங்குகிறார்கள். இழுப்பின் வேகம் வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் அளவு. சில வேளை 2 மீட்டரையும் தாண்டும். அது ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்திக் களைப்பவரே மூழ்குகிறார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்கலாம். முடிந்தவர் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கம் வந்து கரையேறலாம்.

காற்றும் இதே போலத்தான் ஏமாற்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியலில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். தரையிலிருந்து வரும் இந்தக் காற்று அலையின் முகத்தை நிமிர்த்தி வழவழப்பாக்குவதால் அலைச்சறுக்குவோருக்கு அதுவே நல்ல நேரம். துடுப்புப் பலகைக்காரருக்கு அதே காற்று ஆகாது. கரையோரம் குளம்போலக் கிடக்கும் நீர் தள்ளிப்போகப் போகக் கொந்தளிக்கும். திரும்பி வரும்போதுதான் காற்றின் வலு தெரியும். நண்பகலை ஒட்டிக் கடல் காற்று எழுந்தால் அலைகள் குலைந்துவிடும். கச்சான் வலுத்த நாளில் கடல் காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும்.

பட்டத்தில் சறுக்குவோருக்கு வேண்டியது கரைக்கு இணையாகவோ சாய்வாகக் கரை நோக்கியோ வீசும் 12 முதல் 25 நாட் வேகக் காற்று (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.). ராமேசுவரம் தீவின் இருபுறமும் கடல் இருப்பதால், தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஏற்ற கரை கிடைக்கிறது.

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஒரு குறிப்பிட்ட கரையில் இன்று பள்ளம் எங்கே என்பது அதில் இராது. அந்தக் குப்பத்து மீனவரைத்தான் கேட்கவேண்டும். ஆனால் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் நெடிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறக்கூடும். கள்ளக்கடல் எனப்படும் அதற்கு அம்மையத்தின் எச்சரிக்கையைத்தான் பார்க்கவேண்டும்.