தூத் கோசி கயாக் பயணம், 1976

தூத் கோசி என்பது கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் பகுதியின் பனியாறுகளில் இருந்து நீர் பெற்றுத் தெற்கே பாய்ந்து சுன் கோசியில் கலக்கும் ஆறு ஆகும். 1976ஆம் ஆண்டு மைக் ஜோன்ஸ் என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு பிரித்தானியக் குழு இவ்வாற்றில் கயாக் செலுத்தி இறங்கியது. செங்குத்தான மலையோடைகளில் கயாக் ஓட்டும் விளையாட்டின் வரலாற்றில் இப்பயணம் இன்றும் பேசப்படுகிறது.

'தூத்' என்றால் பால். நம் பாலாற்றின் பெயரும் அதே பொருள் உடையதுதான். தூத் கோசிக்கு அந்த நிறம் வரக் காரணம் உண்டு. பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. அந்த மாவு நீரில் கலந்து வருகிறது. சரிவில் எழும் நுரையும் சேர்ந்துகொள்ள, ஆறு வெண்மையாகத் தெரிகிறது. இந்தக் கலங்கல் நீரில் மூழ்கிக் கிடக்கும் பாறையைப் படகோட்டி பார்க்க முடியாது.

கயாக் என்பது ஒருவர் கால் நீட்டி அமரும் மூடிய படகு. இருபுறமும் அலகு கொண்ட ஒரே துடுப்பால் அதைச் செலுத்துவர். இடுப்பைச் சுற்றிய உறை படகுக்குள் நீர் புகாமல் தடுக்கும். படகு கவிழ்ந்தால் வெளியேறாமலே துடுப்பை வீசி நிமிர வேண்டும். இதற்கு எஸ்கிமோ ரோல் என்று பெயர். வீழ்ச்சிகளின் அடியில் நீர் பின்னோக்கிச் சுழன்று படகைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாறை இடுக்குகளோ நீரைப் போகவிட்டு ஆளை மட்டும் நிறுத்திக்கொள்ளும், வடிகட்டியைப் போல. அக்காலக் கயாக்குகள் கண்ணாடியிழையால் ஆனவை. இன்றைய பிளாஸ்டிக் படகுகள் போல அடியைத் தாங்க மாட்டா. பாறையில் மோதினால் பிளந்துவிடும்.

ஜோன்ஸ் இதற்குப் புதியவர் அல்லர். 1972இல் மிக் ஹாப்கின்சன் உள்ளிட்டோருடன் எத்தியோப்பியாவில், முதலைகள் மிகுந்த நீல நைலில் கயாக் ஓட்டியவர். ஹாப்கின்சன் தூத் கோசிக்கும் வந்தார்.

சுமார் 17,500 அடி உயரத்தில், கும்பு பனியாற்றின் மீது உருகித் தேங்கிய நீரில் பயணம் தொடங்கியது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். 'எவரெஸ்டில் இருந்து படகில் இறங்கினார்கள்' என்று சொல்லப்படுவதை மாணவர்கள் சிகரத்தில் இருந்து என்று எண்ணிவிடக் கூடாது. மலையடிப் பனியாற்றில் இருந்து என்பதே சரி. ஆறு முழுவதையும் அவர்கள் ஓட்டவும் இல்லை. ஓட்ட முடியாத இடங்களில் படகைச் சுமந்து நடந்தார்கள். எங்கே இறங்கக் கூடாது என்று கரையில் நின்று முடிவு செய்வதும் இவ்விளையாட்டின் பகுதியே. என்னைக் கேட்டால், கடினமான பகுதி அதுதான்.

லியோ டிக்கின்சன் இப்பயணத்தைப் படமாக்கினார். அப்படம் பல இளைஞர்களை இமயமலை ஆறுகளை நோக்கி இழுத்தது.

1978இல் ஜோன்ஸ் பாகிஸ்தானின் காரகோரம் மலைத்தொடரில் உள்ள பிரால்டு ஆற்றுக்குச் சென்றார். அங்கு நீரில் சிக்கிய சகபடகோட்டி ஒருவரைக் காப்பாற்ற முயன்றபோது அவரே மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தூத் கோசி பயணம் பற்றிய அவரது நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.