‘பேய் நகரம்’ யாருடைய சொல்?
கோலார் தங்கவயலை முன்வைத்து

மூடிய ஆலை, துருப்பிடித்த எந்திரம், கூரை சரிந்த வீட்டு வரிசை. படம் எடுத்துக் கீழே ‘பேய் நகரம்’ என்று ஒரு வரி போட்டால் அந்த ஊரின் வரலாறு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்கு இப்படித்தான் நடந்தது. சுரங்கம் மூடிய 2001க்குப் பிறகு கோலார் தங்கவயலுக்கும் நடக்கிறது. பேய் என்றால் செத்தவர்கள்தானே? அங்கே இன்னமும் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பவர்களை இந்தச் சொல் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பக்கமிருந்து பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பி வந்த தலித் மக்களே பெரும்பாலும் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. சுரங்கத்துக்காக 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அது 1905இல்தான் கிடைத்தது. துரைமாருக்குப் பங்களா, கிளப். கூலிகளுக்குத் தட்டி வைத்த லைன் வீடு. ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கம்பெனி தன் வரைபடத்திலும் போட்டுக்கொண்டது. வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். குடியிருப்பவனுக்குப் பாத்தியதை இல்லாத ஊராகத்தான் அது கட்டப்பட்டது. இன்றைய இடிபாட்டின் தொடக்கத்தை இங்கேதான் தேட வேண்டும்.

ஆனாலும் அந்த லைன்களிலிருந்து ஒரு அறிவுலகம் எழுந்தது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1914இல் அவர் மறைந்தார். 1920களில் ‘தமிழன்’ இதழ் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. 1930இல் கம்பெனி கட்டாயக் கைரேகைப் பதிவைக் கொண்டுவந்தபோது, குற்றவாளியைப் போல விரலை உருட்டமாட்டோம் என்று தொழிலாளிகள் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. துருப்பிடித்த எந்திரத்தின் படத்தில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசு. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர். துரை போனான், சர்க்கார் வந்தது. லைன் வீடு அப்போதும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. கல்லில் தங்கம் குறைந்துவிட்டது, ஆழம் கூடிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்று 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். கணக்கு பொய்யில்லை. ஆனால் அதில் எழுதாமல் விட்டதும் உண்டு. சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. ஊருக்கு மிஞ்சியது மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்துக் கொட்டிய சயனைட் மண். தொழிலாளியின் நெஞ்சுக்குள் கல்தூசி. காற்றடித்தால் அந்த மண் இன்றைக்கும் வீட்டுக்குள் வந்து விழுகிறது.

இலக்கணத்தில் செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு: செய்தவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். ‘கைவிடப்பட்ட நகரம்’ என்பது அப்படி ஒரு வாக்கியம். விட்டுப் போனது மூலதனம், ஜனங்கள் போகவில்லை. சந்தேகமிருந்தால் விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் போய் நின்னு பாருங்க. வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகிற கூட்டம் ஆயிரக்கணக்கில். ராத்திரி அவர்கள் திரும்பி வருவது இந்தப் ‘பேய் நகர’த்துக்குத்தான்.

இது வெறும் சொல் பற்றிய சண்டையில்லை. 2024இல் கர்நாடக அமைச்சரவை, 13 மண்மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு தந்தது. நேற்றுவரை கழிவு, இப்போது அதுவே சொத்து. ஆளில்லாத ஊர் என்று நாமும் எழுதிவைத்தால், அந்தச் சொத்தில் பங்கு கேட்க அங்கே யாருமில்லை என்று ஆகிவிடும். மண்ணைத் தோண்டி மேலே கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மேட்டடியில்தான் இருக்கிறார்கள். தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அவர்களை எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் எழுதட்டும்.