கப்பல் கூரையில் இல்லை

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைச் சுற்றிக்காட்டுபவர்கள் மேலே கைநீட்டி, கூரை கவிழ்த்த கப்பல் போல இருப்பதால்தான் நடுமண்டபத்துக்கு ‘நேவ்’ என்று பெயர் வந்தது என்பார்கள். பயண நூல்களும் இதையே ஒப்பிக்கின்றன. கேட்க இனிக்கிறது, காலக்கணக்கு இடிக்கிறது.

லத்தீனில் ‘நாவிஸ்’ என்றால் கப்பல். நேவ் அதன் வழிவந்தது என்பதில் வழக்கில்லை. கப்பல் எதற்காகக் கோயிலுக்குள் வந்தது என்பதுதான் வழக்கு. விலா எலும்புகள்போல் கல்வளைவுகள் ஓடும் கூரை, 1093இல் கட்டத் தொடங்கிய டர்ஹாம் பேராலயத்தின் காலத்தில்தான் தலையெடுத்தது. ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனோ கி.பி. 200ஐ ஒட்டியே, சீடர்கள் சென்ற படகைத் திருச்சபையின் உருவகமாக எழுதிவிட்டார். அன்று கிறிஸ்தவர்களுக்குப் பேராலயமே கிடையாது. 4ஆம் நூற்றாண்டில் சிரியாவில் தொகுக்கப்பட்ட ‘அப்போஸ்தலர் சட்டங்கள்’ இன்னும் தெளிவாகப் பேசுகிறது: கட்டடம் நீண்டு கிழக்கு நோக்கிக் கப்பலை ஒத்திருக்க வேண்டும், ஆயர் கப்பல்தலைவர், திருத்தொண்டர்கள் மாலுமிகள், சபையார் பயணிகள். கூரையின் வளைவைப் பற்றி அங்கே பேச்சில்லை. பயணிகள் அமரும் இடமே கப்பல்.

கிரேக்கத்தில் கோயிலைக் குறிக்கும் ‘நாஓஸ்’ திரிந்து நாவிஸ் ஆனது என்பாரும் உண்டு. தெர்த்துல்லியன் லத்தீனிலேயே சபையைப் படகாக்கிவிட்ட பிறகு அந்தத் திரிபுக்கு வேலையில்லை. ஜெர்மானியரும் இப்பகுதியைக் கப்பல் என்றே பொருள்படும் ‘ஷிஃப்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள்.

நம்மவர் சிலர் ‘நாவாய்’தான் நாவிஸ் ஆயிற்று என்கிறார்கள். கிரேக்க ‘நௌஸ்’, வேதமொழியின் ‘நௌ’, லத்தீன் ‘நாவிஸ்’ மூன்றும் ஒரே குடும்பத்தில் முறையாகக் கிளைத்த சொற்கள். அவற்றுக்குக் கடன் தேவைப்படவில்லை. நாவாயின் பெருமைக்குச் சங்கப் பாடல்களே போதும்.

ஆங்கிலத்தில் சக்கரத்தின் குடத்துக்கும் ‘நேவ்’ என்றே பெயர். ஒலி ஒன்று, வேர் வேறு. அது கொப்பூழைக் குறிக்கும் ‘நேவல்’ என்பதன் உறவு. வடமொழி ‘நாபி’யின் பங்காளி. நாபிக்கும் கொப்பூழ், சக்கரக்குடம் என இரு பொருளும் உண்டு.

நடுமண்டபத்தின் இருபுறமும் ஓடும் ‘ஐல்’ இன்னொரு பாடம். லத்தீன் ‘ஆலா’, அதாவது சிறகு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தீவைக் குறிக்கும் சொல்லோடு குழப்பிக்கொண்டு, ஒலிக்காத ஒரு ‘எஸ்’ஸை அதன் நடுவில் செருகிவிட்டார்கள். இன்றும் அப்படியே எழுதுகிறார்கள்.

ஒலி ஒப்புமையும் கண் ஒப்புமையும் சொல்லாராய்ச்சிக்குச் சான்றாகா. நேவ் திருச்சபைத் தந்தையரின் உருவகத்தில் பிறந்த சொல். தச்சரின் கூரையில் பிறந்ததன்று.