பேர் இல்லாத நாட்கள்: ஊவாத் தோட்டங்களில் நோயாளிக்குத் துணைநின்றோரின் வரலாறு

இலங்கையின் மலையகத் தோட்டத் தமிழில் 'பேர்' என்னும் சொல்லுக்கு, ஒருவரை அழைக்கும் பெயர் என்பதோடு, ஒரு நாள் வேலைக்காகச் செக்ரோலில் விழும் பதிவு என்ற பொருளும் உண்டு. செக்ரோல் என்பது தொழிலாளரின் வருகையையும் கூலியையும் நாள்தோறும் குறித்துவைக்கும் தோட்டப் பதிவேடு. முழுநாள் உழைத்தவருக்கு ஒரு பேர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர். லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், தங்கிவிட்டவருக்குப் பேரே இல்லை. ஊவா மாகாணத் தோட்டங்களில் நோயுற்றவர்களைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டங்களும் அறிக்கைகளும் எழுதப்பட்டு வந்துள்ள போதிலும், அந்நோயாளியின் தலைமாட்டில் இருந்த மனைவியும் தாயும் மகளும் கணவனும் என்ன மனநிலையில் இருந்தனர் என்பது அவற்றில் அரிதாகவே இடம்பெற்றது. இவ்விடுபடலின் காரணத்தை அந்தப் பேர்க் கணக்கிலேயே தேடவேண்டியுள்ளது.

ஊவாவின் ஹாலிஎல, பதுளைக்கு அருகே, வெலிமடைப் பாதையும் பண்டாரவளைப் பாதையும் பிரியும் இடத்தில் அமைந்த சிறுநகரம். ரொக்கத்தென்ன, உடுவர முதலிய தோட்டங்களின் மக்கள் சாமான் வாங்கவும் பஸ் ஏறவும் இறங்கிவரும் கடைத்தெரு. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டு ரயில்பாதை 1894இல் பண்டாரவளையை எட்டியது. தெமோதரையையும் ஹாலிஎலவையும் கடந்து அது பதுளையை அடைவதற்கு 1924 ஆயிற்று. அதற்கு முந்திய காலத்தில், மலையுச்சி லயத்தில் படுத்துவிட்ட ஒருவரை வைத்தியரிடம் கொண்டுசெல்வதென்றால், கம்பளியைத் தூளியாகக் கட்டி ஆள்மாற்றிச் சுமப்பதோ மாட்டுவண்டியில் ஏற்றுவதோதான் வழியாக இருந்தது. சுமந்தவர்கள் அனைவரும் அன்றைய பேரை இழந்தவர்கள் என்பதால், நோயாளியை எப்போது இறக்குவது என்னும் முடிவு நோயின் கடுமையை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை.

துணைநிற்பவரின் இந்த இக்கட்டு தோட்டத்திற்கு வருவதற்கு முன்பே, வழியிலேயே தொடங்கியிருந்தது. 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், கங்காணி என்னும் ஆள்சேர்ப்பாளரின் கீழ்க் கூட்டங்கூட்டமாகக் கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கும் அதற்கப்பால் மலைகளுக்கும் நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பாதையோரத்தில் கைவிடப்பட்டதை அக்கால ஆவணங்கள் கூறுகின்றன. கூட்டம் நிற்காமல் நகர, விழுந்தவரின் உறவினர் உடன் தங்குவதா, பசியோடிருக்கும் பிள்ளைகளுடன் கூட்டத்தைத் தொடர்வதா என்று அங்கேயே தீர்மானிக்கவேண்டியிருந்தது. விட்டுவந்தோம் என்னும் குற்றவுணர்வு, தப்பிப்பிழைத்தவர்களின் நினைவில் தங்கக்கூடிய சுமைகளில் முதலாவது; மலையகத்தின் தொடக்கத்திலேயே அது நேர்ந்தது. 1914இல் தலைமன்னார் ரயில்பாதை திறக்கப்பட்டு, மண்டபம் முகாமில் தொற்றுநோய்ச் சோதனையும் தனிமைப்படுத்தலும் வழக்கமான பின் நடைவழிச் சாவுகள் மறைந்தன.

தோட்டத்து நோய்களுக்கு அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்தால் ஆகும். 1912இல் அது 9ஆம் இலக்கச் சட்டமாக மாற்றியமைக்கப்பட்டபோது, தொழிலாளரின் நோய்கள் பற்றிய 10ஆம் இலக்கச் சட்டமும் உடன் வந்தது. லயங்களைத் துப்புரவாக வைத்திருத்தல், நோயாளியைப் பற்றி மாவட்ட வைத்தியருக்கு அறிவித்தல், வைத்தியசாலைக்கு அனுப்புதல் ஆகியவை துரை எனப்பட்ட தோட்ட அதிகாரியின் கடமைகள் ஆக்கப்பட்டன. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்து, வைத்தியர் தகுதி கூறினாலன்றி அந்த மாதத்தில் வேலைக்கு அழைக்கக்கூடாது என்ற விதியும் இடம்பெற்றது. ஒருவர் இன்னொருவரைப் பராமரிப்பதற்கு நாள் வேண்டும் என்பதை இச்சட்டங்கள் ஒப்புக்கொண்ட இடம் இந்த ஒரு மாதம்தான். நோயில் கிடக்கும் கணவனுக்கோ தாய்க்கோ செய்யும் பராமரிப்பு அவற்றின் பார்வைக்கு வரவில்லை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும், சோகை நீங்கினால் உழைப்புப் பெருகும் என்னும் வாதத்தைத் தோட்டக்காரர் முன் வைத்தது. உழைக்கும் உடல் கணக்கில் இருந்தது. அவ்வுடலுக்குக் கஞ்சி ஊட்டிய கை கணக்கில் இல்லை.

அந்தக் கையின் ஒரு நாளை அருகிருந்து நோக்கினால் சுமையின் தன்மை விளங்கும். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட காம்பராக்களின் தொகுதி; ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது; முன்னால் இஸ்தோப்பு எனப்படும் சிறு திண்ணை. விடியுமுன் அடுப்பு மூட்டி, நோயாளியைத் துடைத்து, கஞ்சியைத் தலைமாட்டில் வைத்து, பக்கத்துக் காம்பராக் கிழவியிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெண் பிரட்டுக்களத்திற்கு, அதாவது வேலை பங்கிடுமுன் ஆட்கள் கூடும் இடத்திற்கு, ஓடவேண்டும். மத்தியானக் கொழுந்தை நிறுத்தபின் மற்றவர்கள் உண்டு இளைப்பாறும் இடைவேளையில் அவள் லயத்திற்கு ஏறிவந்து, படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிக் கிடத்திவிட்டு மலைக்குத் திரும்புவாள். இரவில் இருமலும் முனகலும் அந்த ஒற்றைக் காம்பராவில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கும். பலகைச் சுவருக்கு அப்பால் அயலவர் விழித்திருப்பதும் தெரியும். அழுவதற்கும் இடமில்லாத அந்நெருக்கமே, ஆபத்தில் கைகொடுக்கும் அயலையும் தந்தது.

இந்நிலையைக் குறிக்கத் தோட்ட மக்களிடம் சொற்கள் இல்லாமலில்லை. இலங்கைத் தமிழில் 'யோசனை' என்பது சிந்தனையை மட்டுமன்றி, ஓயாது மனத்தை அரிக்கும் கவலையையும் குறிக்கும். 'ஒரே யோசனை' என்று ஒரு தாய் கூறினால் அவள் தூங்கவில்லை, உண்ணவில்லை என்று கேட்பவர் அறிந்துகொள்வார். அதற்கு மேற்பட்ட துயரம் உடலின் மொழியில் வந்தது: நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, கைகால் ஓய்ந்துவிட்டது என்பன அவை. மனத்துயர் உடற்குறியாக வெளிப்படும் இத்தன்மை மனநல மருத்துவம் நன்கறிந்த ஒன்று. ஆனால் 'டாக்டரையா' என்று அழைக்கப்பட்ட தோட்டத்து மருத்துவ உதவியாளர் நெஞ்சுவலிக்கும் தலைவலிக்கும் மருந்து கொடுக்கப் பயிற்றப்பட்டவர். வலியின் பின்னால் லயத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அவரது பேரேட்டில் கட்டமில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர் கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறிசொல்லும் அவர், நோய்க்கு மருந்து தருவதைவிட, வீட்டில் யாருக்கும் யாருக்கும் மனத்தாங்கல், எந்தக் கடன் தீரவில்லை, எந்தச் சாமிக்கு நேர்ந்தது நிறைவேறவில்லை என்று குடும்பத்தையே விசாரித்தார். மாடசாமி, முனியாண்டி, மதுரைவீரன் ஆகிய ஊர்த் தெய்வங்களோடு, தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனி போன்ற தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் அந்த உரையாடலில் பங்கேற்றன. கதிர்காமம் ஊவா மாகாணத்திலேயே இருப்பதால், கணவனோ பிள்ளையோ பிழைத்தால் காவடி எடுப்பதாக, மொட்டையடிப்பதாக நேர்ந்துகொள்வது இப்பகுதியில் எளிதாயிற்று. நேர்த்தி, செய்வதறியாதிருக்கும் ஒருவருக்குச் செய்வதற்கு ஒன்றைத் தந்தது. சாமியாட்டம், பகலில் சொல்லமுடியாத கோபத்தையும் களைப்பையும் தெய்வத்தின் வாயால் சொல்ல இடமளித்தது. இதன் மறுபக்கமும் மறைக்கத்தக்கதன்று: நோயாளி இறந்தபோது, நேர்ந்ததில் குறை வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்னும் பழி பெரும்பாலும் துணைநின்ற பெண்ணின் மீதே விழுந்தது; நேர்த்தியை நம்பிக் காத்திருந்ததால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் நாளும் தள்ளிப்போனது.

சாவுக்கோ தோட்டத்தில் ஒழுங்கான இடம் இருந்தது. தப்புப் பறை ஒலித்ததும் அந்த டிவிசனில், அதாவது தோட்டத்தின் உட்பிரிவில், வேலை நின்றது. பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தனர். சந்தா சேர்த்து நடத்தப்படும் மரணச் சங்கங்கள் பெட்டிக்கும் பந்தலுக்கும் பணம் கொடுத்தன. ஒப்பாரியில் இறந்தவரின் புகழோடு, பாடுபவள் பட்ட பாடும் வெளியே வந்தது. மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் முயற்சியால் இவ்வாய்மொழி மரபின் ஒரு பகுதி எழுத்துக்கு வந்தது. ஆயினும் சங்கத்தின் உதவி சாவோடு தொடங்குகிறது. சாவுக்கு முந்திய ஆறு மாதமும் ஓராண்டும் குடும்பம் தனியே கடக்கவேண்டிய காலமாகவே இருந்தது. இறந்தவருக்காக அழலாம், உயிரோடிருப்பவருக்காக அழுவது அபசகுனம் எனப்பட்டது.

உயிரோடிருப்பவரின் இழப்பை எண்ணி முன்கூட்டியே துயருறுவதை உளவியல் 'முன்துயர்' என்கிறது. இக்கருத்தை 1944இல் முன்வைத்த எரிக் லிண்டெமன் என்னும் அமெரிக்க உளமருத்துவர், அதற்குச் சான்றாக நோயாளியின் வீட்டாரை அன்றி, போர்முனைக்குச் சென்ற படைவீரர்களைப் பிரிந்திருந்த குடும்பத்தாரையே காட்டினார் என்பது மலையக வரலாற்றில் தனிக் கவனத்திற்குரியது; இங்கும் உயிரோடிருப்பவரைப் பிரியும் துயர் நேர்ந்தது. 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தபின், அதுவரை இருந்த, நோய்க்காலத்தில் ஊருக்குப் போய்த் தேறிவரும் வழக்கம் சுருங்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவுசெய்து, எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்கு விட்டுவைத்தது. விண்ணப்பங்களும் முடிவுகளும் வேறுவேறாக அமைந்த குடும்பங்களில், படுக்கையிலிருக்கும் தாய் ஒரு நாட்டுக்கும் பராமரிக்கும் மகள் மற்றொரு நாட்டுக்கும் உரியவர் ஆகக்கூடிய நிலை தோன்றியது. இந்தியா செல்பவர்களுடன் தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட ரயிலை மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். உயிரோடிருப்பவருக்காக அழக்கூடாது என்னும் கட்டுப்பாடு அந்த ரயில்மேடைகளில் உடைந்தது.

அரசின் மனநலச் சேவையோ வேறொரு திசையில் சென்றது. 1920களில் கொழும்புக்கு அருகே அமைக்கப்பட்ட அங்கொடை மனநோய் வைத்தியசாலை, கடும் மனநோயாளரைச் சமூகத்திலிருந்து விலக்கிவைக்கும் இடமாக இருந்ததால், 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. துயருற்ற ஒருத்தி உதவி கேட்பதென்றால் அந்தப் பெயரை ஏற்கவேண்டும் என்ற அச்சம் ஊவாவின் லயங்கள் வரை பரவியிருந்தது. உலகின் பிற இடங்களில் சிந்தனை மாறிக்கொண்டிருந்தது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடலோடு மனமும் குடும்பமும் அடங்கும் என்றார். 1980இல் ஸ்டீவன் சாரிட்டும் அவரது குழுவினரும் 'பராமரிப்புச் சுமை'யை, அதாவது பராமரிப்பவரின் உடலிலும் மனத்திலும் பொருளிலும் உறவிலும் விழும் அழுத்தத்தை, வினாக்கொத்தால் அளக்கும் முறையை வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2002இல் நோய்த்தணிப்புப் பராமரிப்பை வரையறுத்தபோது, நோயாளியுடன் குடும்பத்தையும் அதன் பயனாளராக்கியது. மனநலச் சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் இலங்கையின் தேசியக் கொள்கை 2005இல் வந்தது.

கொள்கை மாறியபோதும் பேர்க்கணக்கு தன் வழியே நடந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபின் செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தங்களில், வேலை வழங்கப்பட்ட நாட்களில் முக்கால் பங்கேனும் வந்தவருக்கே வருகைக் கொடுப்பனவு என்ற விதி இருந்தது; 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாய் நாட்கூலியில் 60 ரூபாய் இத்தகையது. புற்றுநோயாளியான கணவனை மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அழைத்துச்சென்று சில நாள் தங்கநேர்ந்த பெண், அந்நாட்களின் கூலியை இழப்பதோடு, உழைத்த நாட்களின் கொடுப்பனவையும் இழக்கும் நிலை இதனால் ஏற்பட்டது. பெருவைத்தியசாலைகளில் இன்னொரு சுமையும் காத்திருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய போதிலும், வாட்டில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலேயே நடந்தது. சிங்களம் அறிந்த மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராக நின்று, வைத்தியர் கூறும் கெட்ட செய்தியை முதலில் தான் கேட்டு, அதில் எவ்வளவை அப்பாவுக்குச் சொல்வது, எவ்வளவை அம்மாவுக்கு மறைப்பது என்று அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கவேண்டியவராயினர்.

2019–2023 காலத்திற்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புத் திட்டமும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசிச் சேவையும் அண்மைக்கால மாற்றங்கள். இவை லயத்தை எட்டும் அளவு, துணைநிற்றல் ஒரு வேலை என்று தோட்டத்தில் எவ்வளவு ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தது. தோட்ட மக்கள் அதை நெடுங்காலமாகவே வேலையாகத்தான் கருதிவந்துள்ளனர். பிரட்டுக்களத்தில் ஒருத்தி வராதபோது, மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளை காரணம் கேட்குமுன் அயல் காம்பராக்காரி 'தொணைக்கு நிக்கிறா' என்று கூறுவாள். கேட்டவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பதிவேட்டில் மட்டும் அன்றைய கட்டம் வெறுமையாகவே நிற்கும்.