மூக்குப்பொடியாக வந்த ஹார்மோன்

ஸ்கூடாயிலிருந்து விடியுமுன்னே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிப்பார்கள். கடற்பாலத்து நெரிசலில் சிக்கிக்கொண்டால் ஒதுங்க இடம் ஏது? அந்த நேரத்தில் உடம்பு வறண்டுபோகாமல் பார்த்துக்கொள்வது வாசோபிரசின் என்ற ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பட்டாணி அளவேயான பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியில் தங்கியிருக்கும். இரத்தத்தில் உப்பின் செறிவு கொஞ்சம் ஏறினால் போதும், வெளியே வந்துவிடும். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் 180 லிட்டரில் பெரும்பகுதி தானாகவே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தில் எவ்வளவு திரும்புவது, எவ்வளவு வெளியேறுவது என்பது இந்த ஹார்மோனின் கையில்.

இதைக் கண்டவர்கள் தண்ணீரைத் தேடிப் போனவர்கள் அல்லர். 1895இல் லண்டனில் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்கு ஊசியில் ஏற்றியபோது இரத்த அழுத்தம் எகிறியது. 1901இல் மாக்னஸோடு சேர்ந்து ஷேஃபர், இதே சாறு சிறுநீரைப் பெருக்குகிறது என்று எழுதினார். மயக்கிக் கிடத்திய விலங்குகளில் கண்டது அது. பன்னிரண்டு வருடம் கழித்து நோயாளிகள்தான் அதைப் புரட்டிப் போட்டார்கள்.

ராத்திரி பகலாகக் குடம் குடமாகக் குடித்து, அத்தனையையும் சிறுநீராக இறக்குகிறவர்கள் உண்டு. சர்க்கரை நோய் அல்ல. சிறுநீரில் சர்க்கரையே இருக்காது. 1913இல் இத்தாலியில் ஃபரினியும் ஜெர்மனியில் ஃபான் டென் ஃபெல்டனும் தனித்தனியே இவர்களுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தார்கள். சிறுநீர் சட்டென்று குறைந்து, அடர்த்தியானது. இந்தக் கதையில் எனக்குப் பெரிய வருடம் அதுதான்.

ஆனால் ஊசியின் பலன் சில மணி நேரமே. அதனால் கால்நடைகளின் பிட்யூட்டரிப் பின்பகுதியை உலர்த்திப் பொடியாக்கி, மூக்குப்பொடி போலவே உறிஞ்சவைத்தார்கள். தாகம் அடங்கியது, மூக்கு புண்ணானது, சிலருக்கு நுரையீரலும் கெட்டது. 1928இல் பார்க்-டேவிஸ் நிறுவனத்தில் ஆலிவர் காம் குழுவினர் அந்தச் சாற்றிலிருந்து ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோனையும் வாசோபிரசினையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். வின்சென்ட் டு விக்னோ இரண்டையும் ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார். இரண்டிலும் ஒன்பது அமினோ அமிலங்கள், வித்தியாசம் இரண்டே இடத்தில். 1955இன் வேதியியல் நோபல் அவருக்குப் போனது.

1967இல் பிராகில் ஸவோரலும் சகாக்களும் அந்த மூலக்கூறில் இரண்டு இடங்களில் கை வைத்தார்கள். இரத்த அழுத்தத்தை ஏற்றும் குணம் ஏறக்குறைய போய்விட்டது. நீரைப் பிடித்துவைக்கும் குணம் வலுத்து, நீடித்தது. அதுதான் டெஸ்மோபிரசின். மூக்கில் தெளிக்கும் மருந்தாக வந்து, பிறகு மாத்திரையானது.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவர்கள் இதை எழுதுவதுண்டு. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, பின்பு எட்டு மணி நேரம் வரை தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். "பாவம், பிள்ளைக்குத் தாகம்" என்று ஒரு பெரிய கிளாஸ் மைலோ கலக்கிக் கொடுத்தால், அந்த நீர் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் சோடியம் இறங்கி, வலிப்புவரை போகலாம்.